சந்தனம் பூசிய மோட்டார்

ஊருக்குத் திரும்புகிற ஆட்களை ஏற்றிக்கொண்டு கடைசித் தொங்கான் படகும் கப்பலுக்குப் போய்விட்டது. அழுது முடித்து, முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு திரும்பினால், என் தங்கச்சி மகள் அஞ்சலை துறைமுகக் கொட்டகையின் ஓரத்தில் கயிற்றுச் சுருள்மேல் உட்கார்ந்து முறுக்குத் தின்றுகொண்டிருக்கிறாள்!

கப்பலில் இருக்க வேண்டிய பிள்ளை. நாலு வயசு. தலைக்கு எண்ணெய் வைத்துப் படிய வாரி, சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தது. மடியில் ஒரு துணிமூட்டை.

"அடியே! நீ இங்க என்னடி பண்ற?"

"முறுக்குத் திங்கிறேன் பெரியம்மா."

"அம்மா எங்க?"

கடல் பக்கம் கையை நீட்டினாள். "அம்மா இங்கியே குந்தியிருக்கச் சொன்னிச்சு."

நடந்தது என்ன என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. அன்று காலையிலிருந்து அந்த லட்சணத்தைப் பார்த்துக்கொண்டுதானே இருந்தேன். ஆண்கள் வரிசை தனி, பெண்கள் வரிசை தனி. டாக்டர் கண்ணை இழுத்துப் பார்த்து, நாக்கை நீட்டச் சொல்லி, ஆண்களை ஒரு தொங்கானிலும் பெண்களை வேறு தொங்கானிலும் ஆடுமாடு மாதிரி ஏற்றினார்கள். வழியனுப்ப வந்த எங்களை வேலிக்கு இந்தப் பக்கமே நிறுத்திவிட்டார்கள். பிள்ளை அப்பனோடு போயிருக்கும் என்று என் தங்கச்சி வீரம்மா நினைத்திருப்பாள். அம்மாவோடு போயிருக்கும் என்று அவள் புருஷன் வேலாயுதம் நினைத்திருப்பான். நடுவில் இந்தக் குஞ்சு கொட்டகையில் நின்றுவிட்டது. அட கூறுகெட்ட ஜென்மங்களா!

ரப்பர் விலை மண்ணாய்ப் போன வருஷம் அது. தெலுக் பங்லிமா காராங் பக்கம் அவர்கள் வேலை செய்த தோட்டத்தை மூடிவிட்டார்கள். வேலை இல்லாதவர்களை டிக்கெட் காசு வாங்காமலே கப்பலேற்றி நாகப்பட்டினத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். போனவர்கள் திரும்பி வர வழி கிடையாது.

வேலிக்கருகில் பேர்ப் பதிவு நோட்டோடு நின்ற கிராணியிடம் ஓடினேன். அவர் பிள்ளையைப் பார்த்தார், கப்பலைப் பார்த்தார்.

"இனிமே ஒண்ணும் செய்ய முடியாதும்மா. நீராவி லாஞ்சு அந்தப் பக்கம் போயிருக்கு. அது திரும்பி வரதுக்குள்ள நங்கூரத்தைத் தூக்கிருவாங்க."

"அடுத்த கப்பல்ல அனுப்புவீங்களா?"

"கூட ஆள் இல்லாம சின்னப் புள்ளைய யாரும்மா ஏத்துவா? அவங்களும் இனிமே இங்க எறங்க முடியாது. நீங்களே வெச்சிக்குங்க."

நீங்களே வெச்சிக்குங்க! சந்தையில் மிஞ்சிய கத்தரிக்காயைச் சொல்வது போலச் சொன்னார். நாக்கு வரை வந்ததை விழுங்கிக்கொண்டு, பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்தேன். அப்போது கப்பல் முதல் சங்கை ஊதியது. ஆட்கள் ஏறி முடிந்தது என்று அர்த்தம். இரண்டாம் சங்குக்கு நங்கூரம் ஏறும். மூன்றாவதுக்குக் கிளம்பிவிடும்.

"ஏங்க!" என்று கத்தினேன். "படகை எடுங்க!"

என் வீட்டுக்காரர் தம்புசாமியைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாங்கள் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸில் குடியிருந்தோம். ரயில் பெட்டிகளில் விளக்கு எரிய வைப்பது அவர் வேலை. பெட்டிக்கு அடியில் ஒரு டைனமோ தொங்கும், சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும், அந்தக் கரண்டு பேட்டரியில் போய்ச் சேரும். அந்த மாதிரிக் கழித்துப்போட்ட டைனமோ ஒன்றையும் பழைய பேட்டரிகளையும் ஏலத்தில் எடுத்துவந்தார். "சுத்தினா கரண்டு வரும் பவுனு; அப்ப கரண்டைக் குடுத்தா அது சுத்தும்தானே?" என்று கேட்டார். சுத்தட்டும், அதற்கு நான் என்ன செய்ய? கிள்ளான் துறைமுகத்தில் ரெங்கசாமி என்ற கூட்டாளியோடு சேர்ந்து வைத்திருந்த சின்னப் பாய்ப்படகின் பின்பக்கம் அதைப் பூட்டினார். தோல் பட்டை ஒன்று; அதன் மறுமுனையில் தண்ணீருக்கடியில் சுழலும் விசிறி. சனி ஞாயிறானால் மனுஷன் வீட்டில் தங்கமாட்டார். காற்று சும்மா வருகிறது, அது தள்ளுகிற படகுக்கு எதற்கு மோட்டார் என்று நான் கேட்காத நாளில்லை. காத்து நிக்கிற நேரத்துக்கு என்பார். காத்து நின்னா வீட்டில் இருக்க வேண்டியதுதானே என்பேன். துறைமுகத்து ஆட்கள் அதற்கு ரயில் படகு என்று பேர் வைத்துச் சிரித்தார்கள்.

நான் ஓடிப் போய்ச் சேர்வதற்குள் அவர் பாயை ஏற்றிக்கொண்டிருந்தார். என் கத்தல் அப்படி. பிள்ளையை இடுப்பில் பார்த்ததும் அவர் முகம் வெளுத்துவிட்டது. கை நீட்டி வாங்கி உள்ளே வைத்தார். நான் குதித்தேன். படகு ஒரு பக்கம் சாய்ந்து, முழங்கால் வரை சேலை நனைந்தது.

முந்தின நாள் ஆயுத பூஜை. ரெங்கசாமி வீட்டில் தங்கி, படகுக்கும் பூஜை போட்டிருந்தோம். பாய்மரத்தில் இன்னும் வாழைக்கன்று கட்டியிருந்தது. மோட்டாருக்கு ஒரு சாமந்தி மாலை, பேட்டரிக்கு ஒன்று. பூஜைக்கு வைத்த ஆயுதத்தைத் தொடக் கூடாதல்லவா? அதனால் மோட்டாருக்குப் போகும் ஒயர்களைக் கழற்றிவைத்துவிட்டு, பேட்டரியில் ஒயர் மாட்டும் ஒவ்வொரு காதுக்கும் சந்தனம் பூசிக் குங்குமம் வைத்தார். அதோடு விட்டாரா? ஊர் பார்க்க வேண்டுமே! பாய்மரம் முழுக்கக் கட்டி, ஏற்கெனவே பேட்டரியில் மாட்டியிருந்த கலர் பல்புகளை எரிய விட்டார். கப்பலுக்காக டிப்போவில் அடைந்து கிடந்த சனம் வேலியோரம் வந்து நின்று வாயைப் பிளந்து பார்த்தது. அந்தச் சந்தோஷத்தில் வெகுநேரம் அணைக்கவே இல்லை. மறுநாள் மறுபூஜை போட்டுவிட்டுத்தான் மோட்டாரைத் தொடுவேன் என்று சொல்லியிருந்தார். அந்த மறுபூஜைக்குத்தான் தேங்காயும் கற்பூரமும் படகிலேயே கிடந்தன.

"காத்து இருக்கு," என்றார் சுக்கானைப் பிடித்துக்கொண்டு. "மோட்டார் வேணாம். போயிடலாம்."

காற்று இருந்தது. நல்ல காற்று. படகு தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போனது. எதிர்க்கரையில் கண்டல் காடு பச்சையாக நீண்டு கிடந்தது. அதற்கு முன்னால், நடு நீரில், கப்பல் கறுப்புச் சுவர் மாதிரி நின்றது. மேல்தட்டில் தலைகள் தெரிந்தன. அந்தத் தலைகளில் ஒன்று என் தங்கச்சி. பிள்ளையைக் காணோம் என்று இந்நேரம் நெஞ்சில் அடித்துக்கொண்டிருப்பாள் என்று நினைத்தேன். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

"ஆத்தா மாரி, கொஞ்சம் ஊதுடி தாயே," என்று காற்றைக் கெஞ்சினேன்.

இரண்டாம் சங்கு ஊதியது. அதற்காகவே காத்திருந்தது போலக் காற்று நின்றது.

குறைந்து குறைந்து நிற்பது ஒன்று. இது அப்படியில்லை, விளக்கை அணைத்த மாதிரி நின்றுவிட்டது. பாய் தொய்ந்து என் தலையில் விழுந்தது. கப்பலில் சங்கிலி இழுபடும் சத்தம் தண்ணீர்மேல் தெளிவாகக் கேட்டது, கடகட கடகட என்று. நான் கரையைப் பார்த்தேன். கொட்டகை நகர்ந்துகொண்டிருந்தது. கொட்டகை எங்கே நகரும்? நாங்கள்தான் நகர்ந்துகொண்டிருந்தோம்.

"வத்தம் பிடிச்சிருச்சு," என்றார். "தண்ணி கடலுக்கு இழுக்குது. இப்படியே விட்டா கப்பலைத் தாண்டிப் போயிடுவோம்."

"அப்ப மோட்டாரைப் போடுங்க!"

அவர் மாலை போட்ட மோட்டாரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "மறுபூஜை..."

வந்ததே எனக்குக் கோபம்! கிடந்த தேங்காயை எடுத்து, படகின் விளிம்பிலேயே ஓங்கி அடித்தேன். ஒரு மூடி உள்ளே, ஒரு மூடி கடலில். "பிள்ளையாரப்பா, இதுதான் மறுபூஜை. நைவேத்தியம் ஆச்சு, தீபாராதனை ஆச்சு. இந்தா, எல்லாம் ஆச்சு!" என்று சொல்லி, மாலையைப் பிடுங்கித் தண்ணீரில் எறிந்தேன். அஞ்சலை அந்த மாலையை எட்டிப் பிடிக்கப் போனாள். அவளை இழுத்து, என் முந்தானையால் இடுப்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டேன்.

அவர் மடமடவென்று ஒயர்களைப் பேட்டரியில் மாட்டி முறுக்கினார். சுவிட்சைத் தள்ளினார்.

மோட்டார் ஒரு முனகு முனகி, அரைச் சுற்று சுற்றி, நின்றுவிட்டது. பேட்டரியிலிருந்து புகை வந்தது. கோயில் கர்ப்பக்கிருகம் மாதிரி மணந்தது.

"என்னங்க இது, சந்தன வாசம்?"

"ஐயையோ!" என்று தலையில் அடித்துக்கொண்டார். "சந்தனத்து மேலயே மாட்டிட்டேன் பவுனு! காய்ஞ்சு கெட்டியாயிருக்கு, அதுல கரண்டு எப்படிப் போகும்?"

உலகத்தில் எந்தத் துரையாவது பேட்டரிக்குச் சந்தனம் பூசுவானா? எங்கள் ஆள் பூசினார். ஒரு காதும் விடாமல் பக்தியாகப் பூசினார். திட்ட நேரமில்லை. அவர் ஒயரைக் கழற்ற, நான் சுருக்குப் பையிலிருந்து பாக்குவெட்டியை எடுத்துச் சுரண்ட ஆரம்பித்தேன்.

"ரெண்டு காதுலயும் ஒண்ணா வெச்சிராத! தீப்பொறி பறக்கும்! ஒண்ணொண்ணா!"

"தெரியுது, கத்தாதீங்க!"

தெரியவில்லை, அவர் சொன்ன பிறகுதான் தெரிந்தது. கை வழுக்கி, மேலே கசிந்திருந்த திராவகம் விரலில் பட்டுத் தீயாக எரிந்தது. சுரண்டினேன். ஈயம் பளபளவென்று தெரிகிற வரை சுரண்டினேன். கடகட சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அது நின்றால் நங்கூரம் மேலே வந்துவிட்டது என்று அர்த்தம்.

மறுபடி மாட்டினார். மறுபடி சுவிட்சு.

சுற்றியது! தோல் பட்டை சரசரவென்று ஓடியது. படகின் பின்னால் தண்ணீர் நுரைத்தது. படகு முன்னால் போவதைக் கால் வழியாக உணர்ந்தேன். காற்றில்லாத கடலில், பாய் தொங்கிக் கிடக்க, சத்தமே இல்லாமல் படகு போகிறது! வருஷக்கணக்காக நான் ஏசிய மோட்டார். ஒன்று சொல்கிறேன், அந்த நிமிஷம் அவர் காலில் விழுந்து கும்பிட்டிருப்பேன். ஆனால் பிள்ளை இடுப்பில் கட்டியிருந்தது.

"பவுனு, பாய்மரத்துல அந்தச் செகப்பு பல்பு மட்டும் இன்னும் ஒயரோட இருக்கு. அதைப் பார்த்துக்கிட்டே இரு. மங்குதான்னு சொல்லு."

"எதுக்கு?"

"ராத்திரி எரிய விட்டோமே. பேட்டரியில எவ்வளவு மிச்சம்னு எனக்குத் தெரியாது. அதுதான் சொல்லும்."

பார்த்தேன். குங்குமம் மாதிரி இருந்தது. கப்பலைப் பார்த்தேன். தலைகளுக்கு முகம் வந்திருந்தது. மறுபடி பல்பைப் பார்த்தேன். செங்கல் நிறமாகியிருந்தது.

"மங்குது."

"ரொம்பவா?"

"மங்குதுங்க!"

அவர் சுவிட்சை இழுத்து அணைத்துவிட்டார்.

எனக்குப் பைத்தியமே பிடித்துவிட்டது. "என்னய்யா பண்றே!" என்று கத்தினேன். கல்யாணமான நாள் முதல் அவரை ஒருமையில் பேசியது அதுதான் முதல் தடவை. "அணைச்சுட்டியே! கப்பல் போவுதுய்யா!"

"மூச்சு வாங்கட்டும் பவுனு. விடாம இழுத்தா ஒரேயடியாப் படுத்துடும். கொஞ்சம் ஓய்வு குடுத்தா மறுபடி எந்திரிக்கும். ரயிலு ஸ்டேஷன்ல நிக்கையில பார்த்திருக்கேன்." பேச்சு நிதானமாக வந்தது, ஆனால் நெற்றியில் வியர்வை ஓடியது. "அந்தப் பல்பைக் கழட்டு, அது திங்கிற கரண்டும் நமக்கு வேணும். துடுப்பு போடு."

பல்பைக் கழற்றினேன், சூட்டில் விரல் மறுபடி வெந்தது. துடுப்பு ஒன்றுதான் இருந்தது. நான் அடுப்பில் துடுப்புப் போட்டவளே தவிரக் கடலில் போட்டவளல்ல. போட்டேன். வைதுகொண்டே போட்டேன். வேலாயுதத்தை வைதேன், மூடிய தோட்டத்தை வைதேன், ஆயுத பூஜைக்குக் கலர் பல்பு கட்டிய மகராசனை வைதேன். எவ்வளவு போட்டும் படகு முன்னால் போகவில்லை. பின்னால் போகாமல் இருந்தது, அவ்வளவுதான்.

அஞ்சலை என் முகத்தைத் திருப்பி, "பெரியம்மா, அம்மா அடிக்குமா?" என்று கேட்டாள்.

"ஏன்டி அடிக்கும்?"

"அங்கியே இருன்னு சொன்னிச்சே. நான் வந்துட்டேன்ல."

"அடிக்காதுடி கண்ணு. உன்னைக் கட்டிக்கும். பாரேன், ஓடி வந்து கட்டிக்கும்." இந்தப் பிள்ளை என்ன செய்தது பாவம்!

கடகட சத்தம் நின்றது.

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். கப்பலின் பின்பக்கம் தண்ணீர் கலங்கி, அடிமண் காப்பி நிறத்தில் மேலே வந்தது. மூன்றாம் சங்கு ஊதியது. இவ்வளவு கிட்டத்தில் அது சத்தமாகவே தெரியவில்லை, மார்பில் விழுந்த குத்தாகத் தெரிந்தது. பிள்ளை காதைப் பொத்திக்கொண்டு வீரிட்டாள்.

"இப்ப," என்றார் அவர், சுவிட்சைத் தள்ளினார்.

எழுந்தது! ஓய்வெடுத்த மனுஷன் மாதிரி எழுந்தது. முன்னைவிட வேகமாகச் சுற்றியது. அவர் சுக்கானைத் திருப்பி, கப்பலின் பின்பக்கம் போகாமல் முன்பக்கமாக ஓட்டினார். "பின்னாடி போனா அதோட விசிறியில நாம அரிஞ்ச வெங்காயம்," என்றார். கப்பல் மெல்ல நகர ஆரம்பித்திருந்தது. அதன் நிழல் எங்கள்மேல் விழுந்தது.

ஆனால் எங்களை ஒருவரும் பார்க்கவில்லை! லாஞ்சு வந்தால் புகையும் சத்தமுமாக ஊருக்கே தெரியும். இந்த மோட்டாருக்குக் கூப்பிட ஒரு குரல் இல்லை. மேலே எல்லோரும் கரையைப் பார்த்து அழுதுகொண்டிருந்தார்கள். நான் கத்தினேன், கப்பல் இரைச்சலில் என் கத்தல் எனக்கே கேட்கவில்லை. காலடியில் பூஜை மணி கிடந்தது. அதை எடுத்து ஆட்டினேன். சாமி வந்தவள் மாதிரி ஆட்டினேன். ஒரு கிழவி குனிந்து பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். பிறகு பிள்ளையைப் பார்த்தாள். வாயில் அடித்துக்கொண்டு மற்றவர்களைக் கூப்பிட்டாள்.

அதன் பிறகு எல்லாம் விறுவிறுவென்று நடந்தது. விளிம்பு முழுக்கத் தலைகள். "புள்ள! புள்ள!" என்று ஒரே கூச்சல். கப்பல் வேலைக்காரக் கலாசி ஒருவன், காய்கறி ஏற்றுகிற பெரிய கூடையைக் கயிற்றில் கட்டி இறக்கினான். இன்னொரு கயிறு தொங்கிக்கொண்டிருந்தது. என் வீட்டுக்காரர் அதை எட்டிப் பிடித்துப் படகைக் கப்பலை ஒட்டி நிறுத்திக்கொண்டார். மோட்டார் ஓடிக்கொண்டே இருந்தது. அதன் ஓட்டம் தளர்வது பட்டையின் சத்தத்திலேயே தெரிந்தது.

"சீக்கிரம் பவுனு! இது நிக்கப் போவுது!"

கூடை என் தோளுக்கு நேராக வந்து ஆடியது. முந்தானை முடிச்சை அவிழ்த்துப் பிள்ளையைத் தூக்கினேன். அப்போது கூட்டத்தை இடித்துக்கொண்டு வீரம்மா வந்தாள். அவள் பின்னால் வேலாயுதம்.

"ஏன்டி, கண்ணு அவிஞ்சா போச்சு உனக்கு?" என்று கீழிருந்து கத்தினேன். "பெத்த புள்ளைய விட்டுட்டுப் போறியே! இந்தா, பிடி!"

"ஏத்தாதக்கா!"

எனக்குச் சரியாகக் கேட்கவில்லை என்று நினைத்தேன்.

"ஏத்தாதக்கா! உன் காலைப் பிடிக்கிறேன். திருப்பிக் கொண்டு போ!" விளிம்புக்கு வெளியே பாதி உடம்பு தொங்கக் கத்தினாள். "அங்க என்ன இருக்கு? மழை இல்ல, வேலை இல்ல, கஞ்சிக்கு வழியில்ல. போனவங்க பாதி புள்ளைங்களைக் குழியில வெச்சாங்களாம். உன் வீட்ல சோறு இருக்கு. நீயே பார்த்து எடுத்துக்குவேன்னுதான் விட்டேன். தெரிஞ்சுதான் விட்டேன்க்கா!"

"உள்ள தூங்குதுன்னியேடி!" என்று வேலாயுதம் அலறினான். "கேட்டதுக்கு உள்ள தூங்குதுன்னியே!" அவன் அப்படியே தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

தொலைந்த பிள்ளை இல்லை. வைத்துவிட்டுப் போன பிள்ளை. நான் நங்கூரத்தோடும் காற்றோடும் சண்டை போட்டு, விரலை வேகவைத்துக்கொண்டு, புருஷனை வாய்க்கு வந்தபடி பேசி, வேண்டாம் என்று வைத்துவிட்டுப் போனதைத் திரும்பக் கொண்டுவந்திருக்கிறேன். அஞ்சலை என் கையில் அம்மாவைப் பார்த்துக் கை நீட்டிக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கேட்டிருக்கும். என்ன புரிந்ததோ, நீட்டிய கையை மெல்ல மடக்கிக்கொண்டாள்.

அந்தக் கை மடங்கியதைப் பார்த்ததும் என் உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல! வேலியோரம் நின்னு கட்டிப் பிடிச்சு அழுதியே, அப்பச் சொல்றதுக்கு என்ன?"

"சொல்லியிருந்தா என்னால விட்டுட்டு வந்திருக்க முடியாதுக்கா!"

"பவுனு!" என்றார் என் வீட்டுக்காரர். கயிறு அவர் உள்ளங்கையை அறுத்து இழுத்துக்கொண்டிருந்தது. மோட்டார் நின்றுவிட்டது. இப்போது கப்பல்தான் எங்களை இழுத்துக்கொண்டு போனது. "ஒண்ணு ஏத்து, இல்ல விடு. படகு கவுந்துரும்."

நான் பிள்ளையைக் கூடையில் வைத்தேன். மூட்டையையும் வைத்தேன்.

"வீரம்மா, கேளுடி! நான் வளர்க்கிறேன். என் வயித்துல பொறந்ததா நெனச்சு வளர்க்கிறேன், அது என் பொறுப்பு. ஆனா முறுக்கைக் கையில குடுத்துட்டு, முதுகைக் காட்டிட்டுப் போற வேலை வேணாம். புள்ளையைத் தூக்கு. மூஞ்சியைப் பாரு. அம்மா போறேன்னு உன் வாயால சொல்லு. சொல்லிட்டு உன் கையாலேயே இந்தக் கூடையில வெச்சு எறக்கு. நான் ஏந்திக்கிறேன். இழுப்பா!"

கலாசி இழுத்தான். கூடை கப்பல் சுவரில் இடித்து இடித்து மேலே போனது. பிள்ளை அழவில்லை. இரண்டு கையாலும் கூடை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, என்னையே பார்த்துக்கொண்டு போனாள்.

வீரம்மா தூக்கினாள். முகத்தைப் பார்த்தாள். ஏதோ சொன்னாள், கேட்கவில்லை. பிள்ளையும் ஏதோ சொன்னாள்.

எனக்கு மூன்றும் ஆண்பிள்ளைகள். உள்ளதைச் சொல்கிறேன்: ஆத்திரத்தில்தான் ஏற்றினேன், ஆனால் ஏற்றிய பிறகு அந்தக் கூடை கனத்தோடு இறங்கி வர வேண்டும் என்று என் மனசு துடித்தது. எந்த அறையில் படுக்க வைப்பது, எந்தப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பது என்பது வரைக்கும் அந்தக் கொஞ்ச நேரத்தில் போய்விட்டேன். அந்தச் சீமையில் பஞ்சம், இங்கே சோறு. தங்கச்சி சொன்னதில் ஒரு வார்த்தை பொய்யில்லை. கீழே இறக்கடி, இறக்கடி என்று எனக்குள்ளே சொல்லிக்கொண்டிருந்தேன். வாய்விட்டுச் சொல்ல மட்டும் வரவில்லை.

அவள் குனிந்தாள். பிள்ளையின் கால்கள் கூடைக்குள் போனதைப் பார்த்தேன். பிள்ளை அவள் கழுத்தைக் கட்டியிருந்தது. வீரம்மா அதில் ஒரு கையை எடுத்துவிட்டாள். இன்னொரு கையை எடுத்துவிட்டாள். முதலில் எடுத்த கை மறுபடி கழுத்துக்குப் போனது. வீரம்மா அப்படியே குனிந்த வாக்கில் நின்றாள். வெகுநேரம் நின்ற மாதிரி இருந்தது. பிறகு அந்தக் கால்கள் கூடையிலிருந்து மேலே போயின.

"கயிறு அறுக்குதும்மா, விடப் போறேன்," என்றார் அவர்.

"கொஞ்சம் இருங்க."

"பவுனு..."

"கொஞ்சம் இருங்கன்றேன்ல!"

கூடை இறங்கி வந்தது. வேகமாக, ஆடிக்கொண்டே வந்தது. பாதி தூரத்தில் கலாசி கயிற்றை நிறுத்தினான். எனக்குப் புரியவில்லை என்று நினைத்தானோ என்னவோ, மேலிருந்தபடியே கயிற்றைச் சுண்டிக் கூடையைக் கவிழ்த்துக் காட்டினான்.

அவர் கயிற்றை விட்டுவிட்டார். கப்பல் எங்களைத் தாண்டிப் போனது. தண்ணீர் படகைத் தூக்கித் தூக்கிப் போட்டது. "உக்காரு பவுனு, விழுந்துருவே," என்று அவர் என் சேலையைப் பிடித்து இழுத்தார். அப்போதுதான் கவனித்தேன், நான் இரண்டு கைகளையும் மேலே தூக்கி, ஏந்தியபடியே நின்றுகொண்டிருந்தேன்.